படத்திலிருந்து நீக்கப்பட்ட இரண்டு ஆண்கள்

வெள்ளைக்கோட்டை நகராட்சிப் பூங்காவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இருபத்துநான்கு வருஷம் வேலை பார்த்த சந்தனமாரி சிஸ்டர், கால்விரல்களைக் கிழக்கே ஊன்றி, கைவிரல்களை மேற்கே ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி வில்லாக வளைந்தாள். வளைந்தவளால் நிமிர முடியவில்லை. நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் செய்தது.

"மாஸ்டர், என்னால எந்திரிக்க முடியல" என்றாள் சந்தனமாரி.

"நல்லது சிஸ்டர். அப்படியே இருங்க. மூச்சை மெதுவா விடுங்க" என்றார் செல்வக்கனி மாஸ்டர்.

"நல்லது இல்ல மாஸ்டர். முடியலன்னு சொல்றேன்."

"முடியலன்னு மனசுதான் சொல்லும். உடம்பு சொல்லாது."

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. பிரசவ வார்டில் எத்தனை பிள்ளைகளிடம் இதே மாதிரி, கத்தாதே, மூச்சை விடு, எல்லாம் முடியும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால் அதற்கு முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்பது, தலை தொங்கிக் கிடந்த அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

இந்தச் செல்வக்கனி மாஸ்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் யோகா படித்தவர் அல்ல, ஏ.சி. மெக்கானிக். கெய்ரோவில் ஒரு பெரிய ஓட்டலில் ஒன்பது வருஷம் ஏ.சி. பழுது பார்த்தவர். அந்த ஓட்டலின் மொட்டை மாடியில், சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வெள்ளைக்காரி தினமும் காலையில் பழங்கால எகிப்தின் யோகாசனங்கள் என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தாள். மாஸ்டர் குளிர்விப்பான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்குரூ முடுக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முழங்கையில் மடக்கி உயர்த்தி நிற்பது ஓர் ஆசனம், அது உயிராற்றலை அழைப்பதாம். முதுகெலும்பைத் தூண்போல நிறுத்திக் கையை மார்பில் குறுக்கே கட்டி நிற்பது இன்னோர் ஆசனம். மண்டியிட்டு இறக்கை விரித்த பெண் ஓர் ஆசனம், குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் சிங்க உடம்பு மனிதத் தலை ஓர் ஆசனம். எல்லாம் கல்லறைச் சுவரில் வரைந்த படங்களைப் பார்த்து எடுத்தது என்று அவள் சொன்னாள். மாஸ்டர் ஊருக்குத் திரும்பியபோது வெள்ளைக்கோட்டையில் தெருவுக்கு ஒரு யோகா வகுப்பு இருந்தது. அதனால் அவர் பூங்காவில் எகிப்திய யோகா என்று போர்டு வைத்தார். பெண்களுக்கென்று காலை ஆறு மணி வகுப்பு ஒன்றும் தொடங்கினார்.

அவர் கெய்ரோவில் வாங்கிவந்த, பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் வரைந்த ஒரு படத்திலிருந்து எடுத்ததுதான் அன்றைக்குச் சந்தனமாரி வளைந்த வானாசனம். உடம்பெல்லாம் நட்சத்திரம் பதித்த நீலப் பெண் ஒருத்தி, நூத் என்று பெயர், பூமிக்கு மேலே வளைந்து நிற்பாள். பழங்கால எகிப்துக்காரர்களுக்கு அவள்தான் ஆகாயம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி பூங்கா வாசலில் ஃபிளெக்ஸ் அடித்து வைத்திருந்தார். அதில் அவள் மட்டுமே இருந்தாள்.

சந்தனமாரி அன்றைக்கு வகுப்புக்கு வந்ததே கடைசித் தடவையாகத்தான். முந்தின நாள் திங்கட்கிழமை அவளுக்கு ஆர்டர் வந்திருந்தது. நர்சிங் சூப்பரின்டெண்டாகப் பதவி உயர்வு, கோடைமுடி மலை மேலுள்ள அரசு மருத்துவமனையில். பதினைந்து நாளுக்குள், அதாவது மறு திங்களுக்கு அடுத்த திங்கள் மாலை ஐந்து மணிக்குள், நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதவி உயர்வைத் தானாகத் துறந்ததாகக் கருதப்படும் என்று கடைசிப் பத்தியில் அச்சடித்திருந்தது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த ஆர்டருக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தாள். அங்கே மருத்துவமனைக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் உண்டு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமாம், அங்கே அவள் கட்டிலில் அவள் மட்டும் படுப்பாள்.

அவள் புருஷன் தங்கப்பழம் மின்வாரியத்தில் ஃபோர்மேன். பூங்கா நடையாளர் சங்கத்துக்குச் செயலாளர். ஆர்டரைப் படித்துவிட்டு, "இந்த வயசுல மலையேறி என்ன பண்ணப் போற? இங்க சாப்பாடு யாரு பாக்கிறது?" என்று கேட்டார். "நீங்க பாருங்க" என்றாள் அவள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மறுநாள் காலை அவள் வளைந்தாள்.

முதல் நாள் மதியம் வரை வலி இருந்தது, பிறகு இல்லை. இரண்டாம் நாள் பசியும் மற்ற தேவைகளும் போய்விட்டன. மூன்றாம் நாள் அவள் வளர ஆரம்பித்தாள். கால் கிழக்கே சறுக்குமரம் வரைக்கும் நகர்ந்தது, கை மேற்கே தண்ணீர் வராத நீரூற்று வரைக்கும் நகர்ந்தது, நடுவில் வயிறு ஓர் ஆள் தாராளமாக நின்று கை தூக்கும் உயரத்துக்கு எழும்பியது. அவள் போட்டிருந்தது கருநீலச் சுடிதார், வெள்ளைப் புள்ளி போட்டது. நல்லவேளை, அதுவும் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. ஐந்தாம் நாள் அந்தப் புள்ளிகள் மினுங்கத் தொடங்கின. வெளியே ஊரைப் பொசுக்கும் வெயில், அவள் வயிற்றுக்கு அடியில் மட்டும் குளிர்ந்த இருட்டும் மேலே நட்சத்திரமுமாக இருந்தது.

இதைப் பார்த்து யாரும் மயங்கி விழவில்லை. முதலில் வந்தவர் நிழலைப் பார்த்தார், செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தார். அடுத்து வந்தவர் பாய் கொண்டுவந்தார். ஏழாம் நாளுக்குள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வந்தார்கள், சீட்டாடுகிறவர்கள் வந்தார்கள், தூங்காத கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், ஜோசியக்காரர் ஒருவர் பகலிலேயே நட்சத்திரம் காட்டிப் பலன் சொன்னார், நகராட்சியிலிருந்து ஆள் வந்து எச்சில் துப்பாதீர் என்று அவள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார், அவள் தினமும் வருகிற ஒவ்வொருவரிடமும் என்னை யாராவது எழுப்பிவிடுங்கள் என்று சொன்னாள், அவர்களும் ஒவ்வொருவராக, "பண்ணிரலாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்கள்.

அவள் சொன்னது யாருக்கும் கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்டது. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"ஏங்க, தாலுகா ஆபீஸ்ல சொல்லி ஒரு கிரேன் கொண்டுவாங்க" என்றாள் தங்கப்பழத்திடம்.

"கிரேன் வச்சுத் தூக்கினா நரம்பு கிரம்பு அந்துபோகும். ஆண்டவனாப் பாத்து உன்ன இங்க நிப்பாட்டியிருக்கான். அவசரப்படாத."

"திங்கக்கிழமைக்குள்ள நான் போகணும்."

"பாப்போம்" என்று சொல்லி, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த புளிய இலையை எடுத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போனார். இப்போதெல்லாம் அவர் ரொம்ப அன்பாக இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டாம் நாள் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் அறவாழி வந்தார். அவர் கையில் பேனாவும் தாளும் இருப்பதைப் பார்த்ததும் சந்தனமாரிக்கு உயிர் வந்தது.

"சார், கோடைமுடி ஆஸ்பத்திரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதணும். பணியில சேர ஒரு வாரம் அவகாசம் கேட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதுறீங்களா?"

"எழுதிட்டாப் போச்சு" என்றார் அறவாழி. அவள் நிழலில் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினார். எழுதி முடித்து அவளுக்கே வாசித்தும் காட்டினார். இந்த ஆசனம் நம்முடைய துறைமுகத்திலிருந்து மிளகு ஏற்றிப்போன கப்பலில், ஒரு மாலுமியின் இடுப்பு வலிக்கு வைத்தியமாக எகிப்துக்குப் போனது என்பது முதல் பக்கம். அங்கே போய் அது தெய்வமானது என்பது மூன்றாம் பக்கம். இப்போது சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது என்பது பதினொன்றாம் பக்கம். அதில் அவகாசமும் இல்லை, கோடைமுடியும் இல்லை, அவள் பெயரும் இல்லை. பிரதிகள் எடுத்துப் பத்து இடத்துக்கு அனுப்பினார்.

யோகா சங்கத்துத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் வந்து, இது சூரிய நமஸ்காரத்தில் வருகிற எட்டாவது நிலை, முழங்கால் விறைப்பு போதாது, எகிப்துக்காரன் பார்த்து அரைகுறையாக வரைந்திருக்கிறான் என்றார். கோயில் கொடைவிழா நடத்துகிறவர்கள் வந்து, இது அம்மன் முன்னால் அருள் வந்து வளைகிற வளைவு என்றார்கள். சர்ச்சிலிருந்து வந்த உபதேசியார், மனம் கசந்து அழுகிறவர்களின் குனிவு இது என்றார். யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று அவள் வயிற்றுக்குக் கீழே நின்று மூன்று நாள் வாய்ச்சண்டை நடந்தது. அந்தச் சத்தத்தில் அவள் சொன்ன ஒரே வாக்கியமும் அமுங்கிப்போனது.

பூங்கா வாசலில் டீக்கடை வைத்திருந்த காதர் மீரான் பாய் மட்டும், காலி கிளாஸ்களைப் பொறுக்க வந்தவர், நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தொழுகைலயும் குனியிறதுதான். ஆனா குனிஞ்சா நிமிரணும். நிமிராம அடுத்ததுக்குப் போகக்கூடாது. உங்க நமஸ்காரத்துலயும் எட்டுக்கு அப்புறம் ஒம்பது பத்துன்னு எந்திரிக்கிறாங்கல்ல? அந்தம்மா எந்திரிக்கணும்லயா?"

"பாய்! அதையேதான் நானும் சொல்றேன்! கொஞ்சம் தூக்கிவிடுங்க பாய்!" என்று சந்தனமாரி கத்தினாள்.

"தங்கச்சி, பொம்பளப் புள்ளைய நான் எப்படித் தொடுறது? புருஷன்காரர் இருக்காருல்ல" என்று அவர் சங்கடப்பட்டார். அதற்குள் கடையில் பால் பொங்குகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஓடிவிட்டார்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம், மேற்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்க வேண்டிய சூரியன், அங்கே இறங்காமல் நேராக அவள் வாய்க்குள் வந்தது. சூடாக, துவர்ப்பாக, விழுங்கித்தான் ஆக வேண்டும். விடிய விடிய உள்ளே நகர்ந்து விடியற்காலையில் கிழக்கே அவள் கால்மாட்டில் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவளுக்கு அது என்ன வேலை என்று தெரியாதா? தினமும் ஒரு பிரசவம். ஊர்க்காரர்கள் விடிந்துவிட்டது என்று பல் தேய்க்கப் போனார்கள். ஒருத்தராவது வந்து ஒரு வாய் வெந்நீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, செல்வக்கனி மாஸ்டர் வந்து அவள் முகத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மனுஷன் ஒன்பது நாளில் பாதியாக இளைத்திருந்தார்.

"சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"சொல்லுங்க."

அவர் பைக்குள்ளிருந்து சுருட்டி வைத்திருந்த பாப்பிரஸை எடுத்து விரித்தார். நீலப் பெண் இருந்தாள். ஆனால் அவள் தனியாக இல்லை. அவளுக்கு அடியில் நடுவே ஓர் ஆண், இரண்டு கைகளையும் உயர்த்தி அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கீழே இன்னோர் ஆண், முழங்கையை ஊன்றி ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"நிக்கிறவன் காத்து, ஷூன்னு பேரு, அவளுக்கு அப்பன். படுத்துருக்கவன் பூமி, கெப்புன்னு பேரு, புருஷன். அந்தக் காத்து தாங்குறதாலதான் அவ நிக்கிறா. இவங்க ரெண்டு பேரையும் நான் ஃபிளெக்ஸ்ல எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீங்க?"

மாஸ்டர் படத்தைச் சுருட்டினார். "லேடீஸ் பேட்ச். குனிஞ்சு நிக்கிற பொம்பளைக்குக் கீழ, துணி பத்தாம ரெண்டு ஆம்பளைங்க. பக்கத்துல ஸ்கூல் வேற இருக்கு. இந்தப் படம் வச்சா பூங்காவுல இடம் தரமுடியாதுன்னு நடையாளர் சங்கத்துல சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு, அந்த எடத்துல பச்சைப் புல்லு போட்டோம்."

"சங்கத்துல யாரு சொன்னது?"

"செயலாளர்தான் சிஸ்டர். உங்க வீட்டுக்காரர்."

கோபம் சந்தனமாரியின் உடம்பு நீளத்துக்கும் ஓடியது. சறுக்குமரத்துப் பக்கம் கால் நடுங்கியதை நீரூற்றுப் பக்கம் இருந்த அவளால் உணர முடிந்தது. பிறகு கேட்டாள்: "அப்ப ஒருத்தர் அடியில நின்னு தள்ளினா நான் எந்திரிச்சிருவேனா?"

"எந்திரிச்சிருவீங்கன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப நீங்களே தள்ளுங்க மாஸ்டர். இப்பவே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாஸ்டர் எழுந்தார், இரண்டு அடி எடுத்து வைத்தார், மேலே பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். "நான் தொட்டேன்னா அப்புறம் லேடீஸ் பேட்ச்சே நடத்த முடியாது சிஸ்டர். முறைப்படி செஞ்சிருவோம். நான் உங்க வீட்டுக்கார அண்ணாச்சிகிட்ட பேசுறேன்."

முறைப்படி என்ற வார்த்தை வந்ததும் சந்தனமாரி மிச்சமிருந்த நாட்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். வெள்ளைக்கோட்டையில் ஒரு காரியம் முறைப்படி நடக்க ஆரம்பித்தால் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முறைப்படி பேசினார்கள். படுக்க வேண்டியது புருஷன், அதில் சந்தேகம் இல்லை. நிற்க வேண்டியது அப்பா. சந்தனமாரியின் அப்பா செத்து பதினாறு வருஷமாகிறது. அப்பா இல்லாத இடத்தில் யார் என்று ஒரு நாள் முழுக்க விவாதித்து, நம்ம பக்கத்தில் தாய்மாமன்தான் என்று முடிவு செய்தார்கள். தாய்மாமன் பொன்னுலிங்கம் திருப்பூரில் இருந்தார். போனில் கூப்பிட்டால் வருவாரா? சந்தனமாரி வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் சடங்குக்குத் தன்னைச் சரியாக அழைக்கவில்லை என்று பழைய வருத்தம் வைத்திருப்பவர். ஆகவே வெற்றிலை பாக்குத் தட்டோடு நடையாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் காரில் போனார்கள். அவர் முதல் நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் சம்மதித்தார். சனிக்கிழமை வந்து சேர்ந்தார். சனிக்கிழமை ஆகாது, ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தம், ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் என்று குறித்தார்கள். இதையெல்லாம் அவளுக்கு அடியில் உட்கார்ந்துதான் பேசினார்கள். "நாளைக்கு மறுநாள் அஞ்சு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம்" என்று அவள் மேலேயிருந்து சொன்னாள். "அதான் ஞாயித்துக்கிழமையே வச்சாச்சேம்மா" என்று பெருந்தன்மையாகப் பதில் வந்தது.

தங்கப்பழம் படுக்கச் சம்மதித்ததுதான் பெரிய பாடு. ஊர் பார்க்கப் பெண்டாட்டிக்கு அடியில் படுப்பதா என்று வெட்கப்பட்டார். அறவாழி அவரைத் தனியே அழைத்து, நீங்கள் படுப்பது புருஷனாக இல்லை, பூமியாக என்று எடுத்துச் சொன்னதும் ஒருவாறு இறங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு மைக் கட்டினார்கள். பந்தல் அவசியமில்லை, அவளே பந்தல்தான், ஆனாலும் போட்டார்கள். புதுக் கோரைப்பாய் விரித்து, இஸ்திரி போட்ட பேன்ட் சட்டையோடு, படத்தில் உள்ளபடி முழங்கையை ஊன்றி ஒருக்களித்துப் படுத்தார் தங்கப்பழம். பொன்னுலிங்கம் மாமா பட்டு வேட்டியோடு நடுவில் வந்து நின்று, படத்தில் உள்ளபடி இரண்டு கைகளையும் உயர்த்தினார். உள்ளங்கைக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"தள்ளுங்க மாமா" என்றாள் சந்தனமாரி.

"இரும்மா, போட்டோ எடுக்காங்க."

"மாமா, எடுத்துக்கிடட்டும். நீங்க தள்ளுங்க."

"தொடலாமாம்மா?"

"ஐயோ, தொடுங்க மாமா! நான் உங்க அக்கா மக!"

"படத்துல தொடுற மாதிரி தெரியலையே" என்று சந்தேகத்தோடு அறவாழியைப் பார்த்தார் மாமா. அறவாழி மைக்கைப் பிடித்தார். தொடாமல் தாங்குவதே இந்த ஆசனத்தின் தத்துவம், காற்று எதையும் தொடுவதில்லை என்று ஆரம்பித்தவர் இருபது நிமிடம் பேசினார். மாமாவுக்குத் தோள் வலித்தது. கையை இறக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது. மாலை போட்டார்கள். தங்கப்பழம் எழுந்து பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே, "நம்மளால முடிஞ்சதச் செஞ்சாச்சு, இனி ஆண்டவன் விட்ட வழி" என்றார். எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனார்கள். பதிமூன்று நாளில் முதல் தடவையாகச் சந்தனமாரி அழுதாள். இரண்டு சொட்டு விழுந்தது. வறண்ட நீரூற்று அரையடி நிரம்பியது. பூங்காக் காவலர் அதை வாளியில் மொண்டு செடிகளுக்கு ஊற்றினார்.

திங்கட்கிழமை விடிந்தது, அதாவது அவள்தான் விடியவைத்தாள். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முதல் ஆளாக வந்து படுத்தது தங்கப்பழம்தான். ஒன்பதரைக்குள் ஊரில் பாதி அவள் நிழலில் இருந்தது. மாஸ்டர், பேராசிரியர், பட்டு வேட்டியோடு மாமா, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், சீட்டாடுகிறவர்கள் என்று ஒருவர் கால்மாட்டில் ஒருவர் தலை வைத்துப் படுத்து நட்சத்திரத்தைப் பார்த்தபடி தூங்கிப்போனார்கள். இனி யாரிடமும் கேட்பதில்லை என்று சந்தனமாரி வாயை மூடிக்கொண்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்குத் தன் குரலே பிடிக்காமல் போயிருந்தது.

அப்போதுதான் லூர்துமேரி வந்தாள். பிரசவ வார்டில் முப்பது வருஷமாக ஆயா வேலை பார்க்கிறவள், ஐந்தடி கூட இருக்க மாட்டாள். இரண்டு வாரமாக ஆள் பற்றாக்குறையில் இரவும் பகலும் டூட்டி பார்த்ததில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. இன்றைக்கு இரவு டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். ஒரு கையில் காக்கிக் கவர், இன்னொரு கையில் பிரசவக் கட்டிலில் ஏறப் போடுகிற இரண்டு படி இரும்பு ஸ்டூல்.

"சிஸ்டர், உங்க ரிலீவிங் ஆர்டர் குடுத்துவிட்டாங்க. பிரமோஷன் ஆர்டரோட நகலும் இதுலயே இருக்கு. மருந்து அலமாரிச் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"சுடிதார் பாக்கெட்ல. இப்ப அது எந்த உயரத்துல இருக்கோ" என்றாள் சந்தனமாரி.

"அதுக்குத்தான் ஸ்டூல் கொண்டாந்தேன்." லூர்துமேரி அண்ணாந்து ஒரு முறை அவளைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்தாள். எகிப்தா நம்ம ஊரா என்று அவள் கேட்கவில்லை. "எங்க பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

பதினான்கு நாளில் யாரும் கேட்காத கேள்வி. "தொப்புளுக்கு நேரா. நடுவுல."

லூர்துமேரி படுத்திருந்தவர்களின் கைகால்களைத் தாண்டித் தாண்டி நடுவுக்குப் போனாள். மின்வாரிய ஃபோர்மேனின் தலைக்கும் பேராசிரியரின் காலுக்கும் இடையே கிடைத்த இடத்தில் ஸ்டூலைப் போட்டாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏறி, இரண்டு உள்ளங்கையையும் அழுத்தமாக வயிற்றில் பதித்தாள். கனத்த உடம்புகளைக் கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் மாற்றி மாற்றிக் காய்த்துப்போன கை. கீழே படுத்திருக்க ஒருவர் வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை, ஊரே படுத்துக்கிடந்தது.

"சிஸ்டர், மூச்சை இழுத்துப் பிடிங்க. நான் மூணு சொன்னதும் நீங்களும் முக்குங்க. தனியா நான் தூக்க முடியாது."

"சரி."

"ஒண்ணு. ரெண்டு. மூணு. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம், வந்துருச்சு, விட்றாதீங்க."

முதலில் விரல் நுனி மண்ணை விட்டது. பிறகு கை, பிறகு தோள், பிறகு இருபத்துநான்கு வருஷமாகக் கட்டிலுக்கு மேலும் அடுப்புக்கு மேலும் குனிந்து குனிந்து இறுகிப்போயிருந்த முதுகு எலும்பு எலும்பாக நெட்டி முறிந்தது. அவள் எழுந்தாள், எழ எழச் சுருங்கினாள், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து மறுபடியும் வெள்ளைப் புள்ளிகளாயின. நாற்பத்தெட்டு வயதுக்காரி, ஐந்தடி மூன்றங்குலம், புல்தரையில் நிமிர்ந்து நின்றாள். தலை சுற்றியது. லூர்துமேரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பதினான்கு நாள் தேங்கியிருந்த வெயில் முழுவதும் ஒரே நேரத்தில் ஊர்க்காரர்களின் முகத்தில் விழுந்தது.

ஐயோ அம்மா என்று கண்ணைப் பொத்திக்கொண்டு எல்லோரும் உருண்டு எழுந்தார்கள். குழந்தைகள் வீறிட்டன. யார் எடுத்தது, யாரைக் கேட்டு எடுத்தது என்று குரல்கள் கிளம்பின. கண் கூச, ஒரு கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து, பாயில் எழுந்து உட்கார்ந்த தங்கப்பழம், எதிரே நின்றவளைப் பார்த்து எரிச்சலோடு கேட்டார்:

"என்ன மாரி இது? எந்திரிக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சிருக்கக் கூடாதா?"

அவள் அவரைப் பார்த்தாள். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தாள். மருந்து அலமாரிச் சாவியை எடுத்து லூர்துமேரி கையில் கொடுத்தாள், காக்கிக் கவரை வாங்கிக்கொண்டாள், அவர்களுக்கு நடுவே புகுந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பத்தேகால் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்ததும் கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"கோடைமுடியாம்மா? சீட்டு ஒண்ணுகூட இல்ல. மலை ஏறுற வரைக்கும் நின்னுக்கிட்டுதான் வரணும். முடியுமா?"

"முடியும் தம்பி" என்றாள் சந்தனமாரி.

வழியில் ஊர் ஊராக ஆட்கள் இறங்கினார்கள். அடிவாரத்தில் பாதி பஸ் காலியானது. ஜன்னலோர இடத்தைக் காட்டி, உட்காருங்கம்மா என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், பரவாயில்லை என்றாள், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மலை ஏறினாள்.